லிஃப்ட் மெக்கானிக் எங்கே வாழ்ந்தார்?

அவர் எங்கே செத்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே வாழ்ந்தார் என்பதில்தான் இரண்டு அரசாங்கங்கள் மல்லுக்கு நின்றன.

“எனக்குத் தலை சுத்துது சார்,” என்று ஆடிட்டரிடம் சொன்னான் சோடா. “எல்லாரும் செத்தவங்க பொணம் எங்கேன்னுதான் தேடச் சொல்வாங்க. நீங்க அவர் உசுரு எங்க இருந்துச்சுன்னு தேடச் சொல்றீங்க.”

தடித்த கண்ணாடியால் வந்த பட்டப்பெயர் அது. வாயைத் திறந்தால் பொங்கி வழிவதால் அப்படியே நிலைத்துவிட்டது. அவனுடைய முதலாளியை எல்லோரும் மேடம் என்றே கூப்பிட்டார்கள். சுங்க இலாகாவில் அடுத்தவர் பெட்டியைக் கிளறிக் கிளறி ஓய்வு பெற்று, பழக்கதோஷத்தில் துப்பறியும் நிலையம் திறந்தவர்.

இருவரையும் ஆடிட்டர் கூட்டி வந்திருந்தது ஒரு தையல் கடைக்கு. வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிக்கூடச் சீருடைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. இறந்துபோன லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, வந்தவர்களை உட்காரச் சொன்னாரே தவிர மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கடகடவென்று ஓட்டுவார். நிறுத்துவார். துணியைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுவார். இடது கையால் கத்தரிக்கோலை எடுத்து நூலை நறுக்குவார். கிடைத்த இடைவெளிகளில் ஆடிட்டர் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

“கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்துல அவர் வெளிநாடு போனார். அங்க லிஃப்ட் கம்பெனியில வேலை. அங்கேயே ஃப்ளாட் வாங்கினார். சேமிப்பும் அங்கதான். இங்க இந்த வீடும் கடையும் அவர் பேர்ல இருக்கு. இப்ப வாரிசு வரி கட்டணும்.”

“கட்டிடலாமே,” என்றார் மேடம்.

“யாருக்குக் கட்டறது? ‘அவர் எங்க ஆளு, உலகத்துல எந்த மூலையில சொத்து இருந்தாலும் எங்களுக்குத்தான் வரி’ன்னு நம்ம வரி ஆபீஸ் சொல்லுது. அதே வசனத்தை அந்த நாட்டு ஆபீஸும் பேசுது.”

“ஒரு மாடு, ரெண்டு பால்காரன்,” என்றான் சோடா.

“அதுக்குத்தான் இரட்டை வரி ஒப்பந்தம்னு ஒண்ணு ரெண்டு நாடும் போட்டு வெச்சிருக்கு. ரெண்டுல ஒரு நாடுதான் அவரைச் சொந்தம் கொண்டாடலாம். நிரந்தர வீடு எங்கேன்னு முதல்ல கேப்பாங்க. ரெண்டு இடத்துலயும் வீடு இருந்தா, அவரோட உறவு, வாழ்க்கை எல்லாம் எந்தப் பக்கம் நெருக்கமா இருந்துச்சுன்னு கேப்பாங்க.”

“சட்டத்துல இப்படியொரு கேள்வியா?”

“இருக்கு மேடம். பதில் நம்ம பக்கம் விழுந்தா, அந்த நாடு அந்த ஃப்ளாட்டுக்கு மட்டும் வரி வாங்கிட்டு ஒதுங்கிடும். அதையும் இங்க கட்டற வரியில கழிச்சுக்கலாம். மனைவி குடியிருக்கற வீட்டுக்கு நம்ம சட்டத்துல வரி கிடையாது. அந்தப் பக்கம் விழுந்தா, இந்த வீட்டையும் கடையையும் சேர்த்துக் கணக்குப் போடுவாங்க. விலக்கு கிலக்கு ஒண்ணும் கிடையாது. இதை வித்துத்தான் கட்டணும்.”

மெஷின் நின்றது. ஆடிட்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த நாட்டு இன்ஸ்பெக்டர் ஃப்ளாட்டுக்குப் போயிருக்கார். பொம்பளைங்க செருப்பு, துணிமணி, ஒரு தையல் மெஷின் எல்லாம் இருக்காம். தினமும் சாயங்காலம் மெஷின் ஓடுற சத்தம் கேக்கும்னு கீழ்வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். அதை வெச்சு, அவர் அங்க ஒரு... எப்படிச் சொல்றது...”

“ஏன் சார் மென்னு முழுங்கறீங்க?” தையல்காரம்மா முதல் தடவையாக நிமிர்ந்தார். “அங்க ஒருத்தி இருந்தா. எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும். அவர்கூட வேலை பாத்தவர் ஒருத்தர் லீவுல வந்தப்போ சிரிச்சுக்கிட்டே சொன்னார், ‘உங்க வீட்டுக்காரர் வாசல்ல லேடீஸ் செருப்பு கிடக்குது’ன்னு.”

“நீங்க அவர்கிட்ட கேக்கலையா?”

“கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?”

“அவர் உங்களை அங்க கூப்பிட்டதே இல்லையாம்மா?” என்று கேட்டார் மேடம்.

“ஃபோன் பண்ணும்போதெல்லாம் கூப்பிடுவார். ‘ஒரே ஒரு தடவை வந்து பாரு’ம்பார். என்னத்தைப் பாக்க? அவ செருப்பையா? எனக்கு வேலை இருக்குன்னு சொல்லிடுவேன். கடைசியில எங்களுக்குள்ள பேச்சே பொண்ணு படிப்பு, கரண்ட் பில்லுன்னு ஆயிடுச்சு.” அவர் துணியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். “அடக்கத்துக்குக்கூட இவதான் போனா. நான் போகல.”

கதவோரம் நின்றிருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஃப்ளாட்டுக்கு சீல் வெச்சிருந்தாங்க ஆன்ட்டி. நான் உள்ள போய்ப் பாக்கல.”

“வீடு போனா போகுது மேடம்,” என்றார் தையல்காரம்மா. “அவ யாருன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

*

அந்த நாட்டு பாஷை சோடாவுக்குத் தெரியும். அவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று மேடம் அடிக்கடி சொல்வார்.

மெக்கானிக் ஃப்ளாட் வாங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குலுங்காமல் ஏறி, பூ மாதிரி நின்றது.

“நம்ம ஆளு கைபட்ட லிஃப்ட் போலிருக்கு,” என்றான் சோடா. “நம்ம ஆபீஸ் லிஃப்ட்ல ஏறினா குலதெய்வம் ஞாபகம் வருது.”

கட்டடப் பொறுப்பாளர் வரி ஆபீஸின் அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, சீலை உடைத்துக் கதவைத் திறந்துவிட்டுப் போனார். உள்ளே நுழைந்ததுமே கிடந்தன, ஒரு ஜோடி செருப்பு. பெண்களுடையது. பக்கத்தில் ஆண் செருப்பு ஒரு ஜோடி.

“கேஸ் முடிஞ்சது மேடம். அடுத்த ஃப்ளைட் எத்தனை மணிக்கு?”

மேடம் குனிந்து பெண் செருப்பைத் திருப்பினார். அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. விலைச்சீட்டின் பசை கூட அழியவில்லை. ஆண் செருப்பின் குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

“இவ காத்துல நடந்திருக்காடா,” என்றார்.

பெட்டிகளைக் கிளறிய கைகள் வேலையைத் தொடங்கின. அலமாரியில் பெண்கள் உடுப்பு இருந்தது. ஒன்றுகூடக் கசங்கவில்லை. காலரில் கடைக்காரன் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது. மேலே இருந்தவை புதியவை. கொஞ்சம் பெரிய அளவு. அடியில் போகப் போகப் பழையவை, அளவும் சிறியது. சீப்பில் ஒரு முடி இல்லை. குளியலறைக் கண்ணாடி, மெக்கானிக்கைப் போன்ற நெடிய மனிதனுக்கு மார்பளவில் மாட்டியிருந்தது. மேடம் அதன் எதிரில் நின்றார். அவர் முகமே சரியாகத் தெரிந்தது. அவர் குள்ளம்.

“குளிக்கல, தலை வாரல, துணி மாத்தல, நடக்கல,” என்று சோடா விரல் விட்டு எண்ணினான். “ரொம்பச் செலவில்லாத பொம்பளை மேடம்.”

“ஆனா தச்சிருக்கா. இங்க வா.”

வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வரும் அறை அது. படுக்கையறையாக இருந்திருக்க வேண்டியது. ஜன்னலை ஒட்டி மோட்டார் வைத்த தையல் மெஷின், பக்கத்தில் துணி வெட்டும் மேசை. செருப்பைப் போல இது புதிதில்லை. பெல்ட் நைந்திருந்தது. கால்மிதியின் ரப்பர் நடுவில் குழிந்து, இரும்பு எட்டிப் பார்த்தது. சக்கரத்தைத் தொட்டாலே சுழன்றது. அவ்வளவு பக்குவமாக எண்ணெய் விட்டிருந்தார்கள். எதிரில், மெஷினைப் பார்த்தபடி ஒரு சாய்வு நாற்காலி.

சோடா மெல்ல ஒரு அடி பின்வாங்கினான். “பேய்க்கு வாரிசு வரி உண்டா மேடம்? ஆடிட்டரைக் கேக்கணும்.”

மேடம் பதில் சொல்லாமல் கீழ்வீட்டுக்கு இறங்கினார்.

கீழ்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார். நம் பாஷைக்காரர் என்பதால் சோடாவுக்கு வேலை இல்லை. அதனால் அவன் பிஸ்கட் தட்டைக் கவனித்துக்கொண்டான்.

“அந்தம்மாவை நீங்க பாத்திருக்கீங்களா?”

“பாத்ததில்லைங்க. ‘வீட்டுக்காரம்மா சவுக்கியமா’ன்னு கேட்டா, ‘உள்ள வேலையா இருக்கா’ம்பார். கூச்ச சுபாவம் போலன்னு விட்டுட்டேன். ஆனா மெஷின் சத்தம் கேக்கும். அவர் வேலை விட்டு வந்ததும் ஆரம்பிக்கும்.”

“தொந்தரவா இல்லையா?”

“சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு அது பிடிக்கும். மழை பெய்யற மாதிரி ஒரே சீரா இருக்கும். ஆரம்பிச்சா முடியற வரைக்கும் ஒரே ஓட்டம்.”

மேடம் கையிலிருந்த கோப்பையை வைத்தார். “நடுவுல நிக்காதா?”

“நிக்காது. விட்டு விட்டு வந்தா நானே மேல போய்ச் சண்டை போட்டிருப்பேன். எனக்குக் காது அப்படி.”

மேடம் எழுந்துவிட்டார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார். மூட்டு வலிக்காரர் இப்படி ஓடி சோடா பார்த்ததில்லை.

“எந்தத் தையல்காரியாவது நிறுத்தாம தைப்பாளாடா? துணியைத் திருப்ப வேண்டாமா? நூலை நறுக்க வேண்டாமா? நம்ம தையல்காரம்மா நம்மகிட்ட பேசினதே மெஷின் நின்ன நேரத்துலதானே?”

மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“சொல்லுங்க மேடம்,” என்றது தையல்காரம்மாவின் குரல். “கண்டுபிடிச்சுட்டீங்களா?”

“ஒரு சந்தேகம்மா. ஊசி இறங்கற இடத்துல ஒரு தகடு இருக்கே, அதைக் கழட்டினா உள்ள என்ன இருக்கும்?”

“என்ன இருக்கும், பஞ்சுதான். நூல் பிசிறு. ஒரு நாள் தச்சாலே அடையும். வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டு எடுக்கணும்.”

சோடா திருகாணியைச் சுழற்றித் தகட்டைத் தூக்கினான். உள்ளே டார்ச் அடித்தான். எண்ணெய் மினுக்கம் மட்டும்தான். ஒரு பிசிறு இல்லை. அடிநூல் சுற்றும் பாபினை எடுத்தான். அதில் நூல் சுற்றிய தடமே இல்லை.

“சுத்தமா இருக்கும்மா,” என்றார் மேடம். “நூல் கோத்ததே இல்ல. ஆனா மிதி தேஞ்சு கிடக்கு. பெல்ட்டு நைஞ்சு போச்சு.”

“அது எப்படி? வெறும் மெஷினை எவ ஓட்டுவா?” தொழில்காரியின் எரிச்சல் குரலில் தெரிந்தது. “பக்கத்துல வேற என்ன இருக்கு?”

“வெட்டற மேசை. கத்தரிக்கோல். பெரிசு, நல்ல கனம்.”

“துணி வெட்டிப் பாருங்க. பதம் போயிருந்தா வேலை செஞ்ச கைன்னு அர்த்தம்.”

சோடா தன் கைக்குட்டையைத் தியாகம் செய்தான். கத்தரிக்கோலுக்குள் விரலை விட்டு அழுத்தினான். துணி நடுவில் மடங்கிக்கொண்டது. மறுபடி அழுத்தினான். பிடியின் விளிம்பு கட்டைவிரலைக் கடித்தது.

“வெட்ட மாட்டேங்குதும்மா. கையையும் கடிக்குது. மட்டமான சரக்கு.”

லைன் போய்விட்டதோ என்று மேடம் குனிந்து பார்த்தார்.

“தம்பி,” என்றது குரல். எரிச்சல் எங்கோ போயிருந்தது. “இடது கையில போட்டு வெட்டிப் பாருங்க.”

சோடா கையை மாற்றினான். கைக்குட்டை வெண்ணெய் போல இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

“வெட்டுதும்மா,” என்றான்.

அந்தப் பக்கமிருந்து “வெச்சுடறேன்,” என்ற வார்த்தை பாதிதான் கேட்டது.

மேடம் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். ஃபோன் சார்ஜர் வயர் அதன் கைப்பிடியில் சுற்றியிருந்தது. மெஷினின் மிதியைக் காலால் இழுத்து நாற்காலிக்கு அருகில் வைக்கலாம். மிதியின் வயர் அவ்வளவு நீளமாக மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. மெக்கானிக் வேலை. மேடம் நாற்காலியில் சாய்ந்து மிதியை அழுத்தினார். மெஷின் மழையாகப் பொழிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் காலை எடுத்தார். “ஏதாவது சொல்லேண்டா. எப்பவும் பேசுவியே.”

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். “வரல மேடம்.”

*

விசாரணை நம் ஊர் வரி அலுவலகத்தில் நடந்தது. அந்த நாட்டு இன்ஸ்பெக்டர் திரையில் தோன்றினார். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். மேடம் புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். தேயாத செருப்பு, குண்டூசியோடு உடுப்பு, பஞ்சு இல்லாத மெஷின், இடது கைக்காரருக்கென்றே செய்த கத்தரிக்கோல். பாட்டு வாத்தியாரும் திரைக்கு வந்து, தான் கேட்டது மெஷின் சத்தம் மட்டுமே, ஒரு பெண்ணின் குரலைக் கேட்டதே இல்லை என்றார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் வேலை தெரிந்தவர்.

“அந்த வீட்டில் வேறு பெண் இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் மனைவிக்காக வாங்கியது, அதுவும் சரி. ஆனால் அந்த மனைவி ஒரு தடவைகூட அங்கே வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. இதை நெருக்கமான உறவு என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது?”

ஆடிட்டர் எழுந்தார். தையல்காரம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானே எழுந்தார்.

“நெருக்கம் என் பக்கம் இல்லைங்க. நான் மறைக்கல. இல்லாத ஒருத்திக்காக, இருந்த மனுஷன்கிட்ட பேசாம இருந்தேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க ஒப்பந்தத்துல யாரோட நெருக்கத்தைப் பாக்கச் சொல்லியிருக்கு? செத்தவரோடதா, உசுரோட இருக்கறவளோடதா?”

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். “இறந்தவருடையது.”

“அப்ப கேட்டுக்குங்க. கல்யாணமான புதுசுல எங்களுக்கு ஒரே ரூம். நான் தைப்பேன், அவர் தூங்குவார். தூக்கம் கெடுமேன்னு நான் நிறுத்தினா எழுந்து உக்காந்துடுவார். ‘ஓட்டு. நின்னாத்தான் எனக்கு முழிப்பு வருது’ம்பார்.” அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அவ்வளவுதான் சார். அவர் எங்க வாழ்ந்தார்னு நீங்களே எழுதிக்குங்க.”

இன்ஸ்பெக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அப்புறம் எழுதினார்.

மெக்கானிக்கின் வாழ்க்கை இந்தப் பக்கம்தான் என்று முடிவானது. அந்த நாடு ஃப்ளாட்டுக்கு மட்டும் வரி போட்டு விலகிக்கொண்டது. அந்த வரியையும் இங்கே கழித்தார்கள். வீடும் கடையும் தப்பின. ஆடிட்டர் எல்லோருக்கும் கை கொடுத்தார். மகள் மேடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தையல்காரம்மா வெளியே வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஜெயிச்சுட்டோம்மா.”

“அவ இருந்திருக்கலாம் மேடம்.”

“என்னம்மா சொல்றீங்க?”

“அவ இருந்திருந்தா இந்த வீட்டை வித்துக் கொடுத்துட்டு, அவரைத் திட்டிக்கிட்டே என் காலத்தை ஓட்டியிருப்பேன். கோபம் இருந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னுக்கிட்டிருந்தேன். இப்ப எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?”

தையல்காரம்மா முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

மகள் வந்து, ஃப்ளாட்டை வாங்க ஆள் இருக்கிறது, ஆடிட்டரே எல்லாம் பார்த்துக்கொள்வாராம் என்றாள். தையல்காரம்மா முகத்தை நிமிர்த்தினார்.

“விக்கலாம். நான் போய்ப் பாத்துட்டு வந்தப்புறம்.”

*

துணைக்கு வரும்படி அவர்தான் கேட்டார். மேடம் மறுக்கவில்லை. பாஷைக்காக சோடாவும் வந்தான். இந்தத் தடவை ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடவில்லை.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் வரிசை நீளமாக இருந்தது. தையல்காரம்மா நல்ல புடவை கட்டி, தலையை அழுத்தி வாரியிருந்தார். முறை வந்ததும் சோடா பக்கத்தில் நின்றுகொண்டான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், சிரித்த முகம். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது.

“முதல் தடவையா?”

“ஆமா.”

“யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?”

சோடா மொழிபெயர்த்தான்.

“என் வீட்டுக்காரரை,” என்றார் தையல்காரம்மா.

சோடா மேடத்தைத் திரும்பிப் பார்த்தான். சொல்லு என்பது போல மேடம் தலையசைத்தார். சொன்னான்.

“கூட்டிட்டுப் போக அவர் வந்திருக்காரா?”

“வரல. நான்தான் ரொம்ப லேட்டாயிட்டேன்.”

சோடா அதையும் சொன்னான். அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தாமதமாக இறங்கிய விமானங்களின் பட்டியலைப் பார்த்தார். ஆறுதலாகச் சிரித்தபடி முத்திரையைக் குத்தி, பாஸ்போர்ட்டை நீட்டி, அன்பாக ஏதோ சொன்னார்.

“என்ன தம்பி சொல்றார்?” என்று கேட்டார் தையல்காரம்மா.

அதிகாரி சொன்னது இதுதான்: ‘கவலைப்படாதீங்க, உங்களுக்காக வீட்டிலேயே காத்திருப்பார்.’

“போகலாம்னு சொல்றார்மா,” என்றான் சோடா.